இரண்டு சேனையை இழந்த மூன்று பேர்

“காலையில் பெஞ்சில் மூன்று சேனைக்கிழங்கு இருந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. யாராவது எடுத்து வைத்திருந்தால் சொல்லவும்.”

போன ஞாயிற்றுக்கிழமை, மதியப் பந்தி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், எங்கள் ஊர் விவசாயக் கண்காட்சித் தொண்டர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போன செய்தி இது. அனுப்பியவன் நான்தான். தேதி, கிழமை, நேரம் எல்லாவற்றையும் போனே போட்டுக்கொள்கிறது. எதை எழுதினாலும் தேதி போடாமல் தூக்கம் வராத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

பதில் வந்ததா? வந்தது. வரிசையாகக் கும்பிடு. நாலைந்து கட்டைவிரல். ஒருவர் மட்டும், “சூப்பருங்க சார்.”

சேனை காணாமல் போனதில் என்ன சூப்பர்? அங்கே ஆரம்பித்த குழப்பம், இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை எனக்குத் தீரவில்லை. படித்துவிட்டு உங்களில் யாருக்காவது தெளிந்தால் எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூட மைதானத்தில் இந்தக் கண்காட்சி நடக்கும். மந்திரி வரமாட்டார், டிவி வராது. ஆள் உயர வாழைத்தார் வரும். கொடுமுடியிலிருந்து மஞ்சள் வரும். வால்பாறையிலிருந்து ஒரு குடும்பம் மிளகை மடியில் வைத்துக்கொண்டு கொண்டைஊசி வளைவெல்லாம் பஸ்ஸில் இறங்கி வரும். எடை கூடின சேனைக்கு, நீளமான புடலங்காய்க்கு, நல்ல கன்றுக்குட்டிக்கு எல்லாம் பரிசு உண்டு. பரிசு என்றால் எவர்சில்வர் பாத்திரம்தான்.

யார் என்ன பரிசு வாங்கினார்கள் என்று வருஷாவருஷம் எழுதி வைப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. நானே எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் இதுவரை விடை எழுத முடிந்ததில்லை. இந்தக் கண்காட்சியை நடத்துவது யார்?

“தலைவர் யாருங்க?” என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். அவரிடம் போனால், “நானுங்களா? நான் சும்மா சேர் போட வந்தனுங்க” என்பார். அவர் காட்டுகிற ஆளிடம் போனால், அவர் மைக் செட்டுக்கு ஒயர் பிடிக்க வந்தவர். தண்ணீர் கேன் இறக்க வந்தவர்கள், பந்தல் கட்ட வந்தவர்கள், கோலம் போட வந்தவர்கள்... எல்லோரும் சும்மா வந்தவர்கள்தான். சும்மா வந்தவர்கள் சேர்ந்து இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடுகிறார்கள்.

அதிகம் பேர் கை காட்டுவது பழனிச்சாமி அண்ணனை. தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் ‘செரிங்க’ என்றால் அது நடக்கும். அவர் ‘பாக்கலாமுங்க’ என்றால் நடக்காது.

இந்த வருஷம் அவர் ‘செரிங்க, பாக்கலாமுங்க’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன விஷயம் ஒன்று இருந்தது. சமையல்.

கண்காட்சிக்கு வருகிற அத்தனை பேருக்கும் மதியம் சாப்பாடு உண்டு. அதற்கு வேண்டிய காய்களை ஊரே கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் குவித்துவிடும். ஒரு வீட்டிலிருந்து பூசணி, ஒரு வீட்டிலிருந்து அவரை, ஒரு தோட்டத்திலிருந்து தேங்காய். போன வருஷம் வரை பொள்ளாச்சியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து சமைத்தார். இந்த வருஷம் மேரி அக்காவிடம் கொடுக்கலாம் என்று சொன்னவர், கோலம் போட ‘சும்மா வருகிற’ தங்கமணி அக்கா.

மேரி அக்கா இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்தில் மெஸ் நடத்துகிறார். தினமும் நூற்றுக்கணக்கான பையன்கள் சாப்பிடுகிறார்கள். மகள் கோவையில் நர்ஸ். அக்காவின் அப்பா அம்மா இந்த ஊர்த் தோட்டங்களில் காலம் பூராவும் கூலிக்கு உழைத்தவர்கள். பழனிச்சாமி அண்ணனின் தோட்டத்திலும்.

அந்த வீட்டுப் பெண் ஊர்ப் பந்திக்கு அடுப்புப் பற்றவைப்பது இதுதான் முதல் தடவை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. “வெளிய ஆர்டர் குடுத்தா பொறுப்பு அவிங்களுதுங்க, நமக்குத் தலைவலி இல்லீங்க பாருங்க” என்று மட்டும் சிலர் சொன்னார்கள். உண்மைக் காரணத்தை வாயைத் திறந்து சொல்ல ஆளில்லை. சொல்லாத காரணங்கள்தான் எங்கள் ஊரில் ரொம்ப காலம் உயிரோடு இருக்கும். கடைசியில் பழனிச்சாமி அண்ணன், “செரிங்க, இந்த ஒரு வருஷம் பாக்கலாமுங்க” என்றார்.

ஆக, மேரி அக்கா அன்றைக்குச் சமைத்தது சாப்பாடு மட்டுமில்லை. அடுத்த வருஷமும் அந்த அடுப்பு தனக்கா இல்லையா என்பதையும் சேர்த்துத்தான்.

இப்போது சேனைக்கு வருகிறேன்.

சேனைப் போட்டிக்கு மூன்று பேர் கொண்டுவந்திருந்தார்கள். பழனிச்சாமி அண்ணன், தென்னைக்கு நடுவே போட்டது. தங்கமணி அக்கா, வீட்டுக்குப் பின்னால் விளைந்தது. மூன்றாவது செல்வராஜ். கோவையில் பம்ப்செட் பார்ட்ஸ் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு மட்டும் விவசாயி. தன் சேனையைப் பற்றி வருஷம் பூராவும் பேசுகிறவர். அதன் போட்டோவைத்தான் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தார்.

மூன்றையும் வரிசையாகப் பெஞ்சில் வைத்து, நம்பர் சீட்டு ஒட்டினேன். பிறகு புடலங்காய் அளக்கப் போய்விட்டேன். அதற்குள் நடந்ததை நாலு பேரிடம் விசாரித்து ஒருவாறு கோர்த்திருக்கிறேன்.

சேனை வெயிலில் காய்கிறதே என்று ஒரு தொண்டர் நிழலுக்கு மாற்றினார். மண்ணோடு இருந்தால் நடுவர் என்ன நினைப்பார் என்று இன்னொருவர் கழுவிவைத்தார். சீட்டு ஊறிக் கழன்று போனது. மூன்றாவதாக ஒருவர் வந்தார். கழுவி வைத்த காயைப் பார்த்தார். கழுவின காய் எதற்கு? சமையலுக்குத்தானே? இரண்டு கைக்கு இரண்டு சேனை... தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பின்னால் குவியலில் போட்டுவிட்டார். மூன்றாவதைத் தூக்க அவரிடம் கை இல்லை. அதனால் அது தப்பித்தது. அதைத் தனியாகப் பார்த்த நாலாவது ஒருவர், ஐயோ பாவம் என்று திரும்பவும் பெஞ்சில் கொண்டுவந்து வைத்தார்.

நாலு பேரும் நல்லதைத்தான் செய்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரையும் கேட்டும் செய்யவில்லை.

எங்கள் ஊரில் ஒத்தாசைக்கு ஆள் பஞ்சமே கிடையாது. அதுதான் பிரச்சினையோ என்று இப்போது தோன்றுகிறது.

குழுவில் வந்த கும்பிடுகளைப் பார்த்துவிட்டு, ஒரு சந்தேகத்தில் நான் அடுப்படிக்குப் போனபோது மேரி அக்கா ரசத்துக்குக் கொத்தமல்லி தூவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இன்னைக்கு என்னங்க பொரியல்?”

“பொரியல் அவரைங்க. அதோட சேனை வறுவலும் செஞ்சுபோட்டேன். நல்ல சேனை சார், வெண்ணெயாட்டம் வெந்துது. பந்தில ரெண்டாம் தடவை கேக்கறாங்க.”

“சேனை எங்கிருந்து வந்துச்சுங்க?”

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த கொத்தமல்லியை அப்படியே வைத்துவிட்டார்.

“போட்டிக்கு வந்ததுங்களா?”

நான் தலையாட்டினேன்.

“எத்தனைங்க?”

“ரெண்டு.”

“யாருதுங்க?”

“அதுதான் தெரியலைங்க அக்கா. சீட்டு கழண்டு போச்சு.”

அவர் அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். “வாங்க, நானே போய்ச் சொல்லிக்கறேன்” என்று பந்திக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

பந்தியில் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பழனிச்சாமி அண்ணன் இலையில் வறுவல் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

“அண்ணா, போட்டிச் சேனை ரெண்டு அடுப்புக்கு வந்துருச்சுங்க. பாக்காம வெட்டிப்போட்டேன். தப்பு என்னுதுதானுங்க.”

வரிசை முழுக்க மெல்லுவதை நிறுத்தியது. எல்லோரும் தங்கள் இலையைப் பார்த்தார்கள்.

பழனிச்சாமி அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கினார். “அது என்னுதா இருக்குமுங்க. போச்சாது உடுங்க. நல்லாத்தான் இருக்குது.”

‘போச்சாது’ என்பது எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் மருந்து. கால் மிதித்துவிட்டாலும் போச்சாது, பஸ் போய்விட்டாலும் போச்சாது. பரவாயில்லை, போகட்டும், விடு... எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

உடனே தங்கமணி அக்கா, “ஒண்ணு என்னுதுங்க. அதுக்கென்னங்க இப்போ? போச்சாது” என்றார்.

அப்படியானால் பெஞ்சில் இருப்பது செல்வராஜுடையது. எனக்குக் கணக்குத் தீர்ந்துபோன மகிழ்ச்சி. பேனாவைத் திறந்தேன்.

“என்னுதும் வறுவலாத்தானுங்க போயிருக்கும்” என்றார் செல்வராஜ். “உங்க ரெண்டு பேருது மட்டும்னா இத்தனை ருசி வருமுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போனது இரண்டு சேனை. இழந்தவர்கள் மூன்று பேர். இதை எப்படி எழுதுவது?

போட்டோவில் பார்த்தாலும் நேரில் பார்த்தாலும் எனக்குச் சேனையெல்லாம் ஒன்றுதான். ஆனால் தன் சேனையை அடையாளம் தெரியாத விவசாயி உண்டா? பெஞ்சு அங்கிருந்து நாலு எட்டுத்தான். எழுந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, மூன்று பேரும் காலையிலிருந்து பத்துத் தடவை அந்தப் பெஞ்சைக் கடந்து போனவர்கள்தான். ஆக, மூன்று பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். அதுவும் தனக்கு வர வேண்டிய முதல் பரிசை வேண்டாம் என்று சொல்வதற்காக.

மற்றவர் சேனை அடுப்பில் போனதால் தனக்குக் கிடைக்கிற பரிசு வெட்கம் என்று நினைத்தாரா? மேரி அக்காவுக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று நினைத்தாரா? இல்லை... இரண்டு பேர் பெருந்தன்மையாக இருக்கும்போது தான் மட்டும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போக முடியுமா என்ற சங்கடமா?

மேரி அக்கா சிரிக்கவில்லை. “அப்ப பெஞ்சுல இருக்கறது யாருதுங்க?” என்று கேட்டார்.

ஒருவர் ரசம் கேட்டார். இன்னொருவர் மோர் கேட்டார்.

சாயங்காலம் பரிசளிப்பு. நடுவர் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்தவர். ஒரே ஒரு சேனையைப் பார்த்து, யோசிக்க வேலையில்லாமல் முதல் பரிசு என்று குறித்துவிட்டார். மைக்கில், “சேனைக்கிழங்கு, முதல் பரிசு...” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அந்த மூவரைப் பார்த்தேன். “நீங்க போங்க.” “அட, நீங்க போங்கன்னா.” “உங்களுதுதானுங்க அது.” “என்னுது உங்க வயித்துல இருக்குதுங்க.” கடைசியில் பாத்திரம் மேசைக்கு அடியில் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் இருந்த சேனையும் இல்லை. யார் எடுத்துப் போனார்கள் என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் தொண்டர்கள் கூடினோம். டீ, முறுக்கு, இந்தத் தடவையின் நிறைகுறை. வாழைத்தாருக்குக் கொக்கி பத்தவில்லை. மைக் கரகரத்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் பழனிச்சாமி அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“மேரிக்கு மெஸ் வேற இருக்குதுங்க. ஒத்தை ஆளா நின்னு எத்தனை சிரமப்பட்டாங்க. அடுத்த வருஷம் அவிங்களுக்கு ரெஸ்ட் குடுத்துப்போட்டு, பொள்ளாச்சி மாஸ்டரையே கூப்ட்டுக்கலாமுங்க.”

“ஆமாங்க, பாவம்” என்றார்கள் சிலர். பலர் தலையாட்டினார்கள்.

‘மேரி அக்காவுக்கு ஓய்வு’ என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால் ஏதோ கௌரவம் கொடுத்த மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ‘போச்சாது உடுங்க’ என்றவரும் இவர்தானே? அன்றைக்குச் சொன்னது மன்னிப்பா, இன்றைக்குச் சொன்னது அக்கறையா, இரண்டும் ஒரே சாமானா?

தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரி அக்கா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

“எனக்கு ரெஸ்ட் வேண்டாமுங்க அண்ணா. நான் கேட்டனுங்களா?”

“அட, உங்க நல்லதுக்குத்தானுங்க...”

“தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. ‘மேரி போட்டிச் சேனைய வெட்டி வறுத்துப்போட்டா’ன்னு சார் எழுதிக்கட்டும். அதுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். அன்னைக்கு மூணு பேரும் போச்சாதுன்னு சொன்னீங்க. ஒருத்தராச்சும் என்னைத் திட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். தப்புன்னு சொன்னா நான் திருத்திக்கலாம். போச்சாதுன்னு சொல்லிப்போட்டு அடுப்ப எடுத்துக்கிட்டா, நான் எங்கீங்க போய்க் கேக்கறது?”

யாரோ முறுக்குத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்கள்.

தங்கமணி அக்கா தொண்டையைச் செருமினார். பிறகு திடீரென்று ஆரம்பித்தார்.

“செரி, கேளுங்க மேரி. மழைத் தண்ணி நிக்காம, பன்னி தோண்டாம, கொழந்தையாட்டம் பாத்து வளத்துன சேனைங்க அது. ஒரு வார்த்தை கேக்காம எப்படீங்க கத்தி வெச்சீங்க? அத்தனை பெரிய சேனையப் பாத்தா சமையலுக்கு வந்தது மாதிரியாங்க இருக்குது? கண்ணு எங்கீங்க இருந்துச்சு?”

திட்டுவதிலும் ‘ங்க’ ஒன்றுகூடக் குறையவில்லை. எங்கள் ஊர்த் திட்டு அப்படித்தான்.

“தப்புதானுங்க அக்கா” என்றார் மேரி அக்கா. “இனிமேல் யாரு கொண்டாந்ததுன்னு கேக்காம ஒரு காயும் கத்திக்குப் போகாது.”

“செரி.”

“செரிங்க.”

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. மேரி அக்காவின் முகத்தில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருந்த இறுக்கம் அப்போதுதான் தளர்ந்ததைப் பார்த்தேன். திட்டு வாங்கினவர் முகம் தெளிவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“நானும் திட்டிக்கறனுங்க” என்று எழுந்தார் செல்வராஜ். “எங்க பட்டறைல பசங்க கேக்கறானுங்க, அண்ணா சேனை என்னாச்சுன்னு. நான் என்னங்க சொல்றது? முதல் பரிசு வாங்கற கெழங்க மொளகாப்பொடி போட்டு...” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “உப்பு மட்டும் கொஞ்சம் கம்மிங்க. அதையும் சேத்துத் திட்டிக்கறேன்.”

“உப்பெல்லாம் செரியாத்தான் இருந்துச்சுங்க” என்றார் மேரி அக்கா. “தப்ப மட்டும்தான் ஒத்துக்குவேன்.”

எல்லோரும் பழனிச்சாமி அண்ணன் பக்கம் திரும்பினோம். அவர் முறை.

அவர் டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த டீயை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நீங்களும் திட்டிருங்க” என்றார் மேரி அக்கா.

“நான் என்னத்தைங்க திட்டறது” என்றார் அவர். டம்ளரைக் கீழே வைத்தார். “அடுத்த வருஷம் மேடைக்குப் பின்னால காய் வாங்கி வெக்கற வேலைய நான் பாத்துக்கறனுங்க. எது போட்டிக்கு, எது கொழம்புக்குன்னு நானே பிரிச்சுக் குடுத்தர்றேன். அடுப்பு மேரிதானுங்க. என்ன காய் எத்தனை வேணும்னு அவிங்க சொல்லட்டும்.”

“நேரத்துக்கு வந்துருவீங்களாண்ணா?” என்று கேட்டார் மேரி அக்கா. “காய் வராம நான் அடுப்புப் பத்தவெக்க முடியாதுங்க.”

“வந்தர்றனுங்க.”

‘மேரி அக்காவுக்கு ஓய்வு’ என்பதை அடித்தேன். அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காத விஷயம். அன்றைக்குப் பிடித்திருந்தது.

வெளியே வண்டி எடுக்கும்போது பழனிச்சாமி அண்ணனைப் பிடித்துவிட்டேன். என்ன இருந்தாலும் என் வரி ஒன்று காலியாகவே இருக்கிறதே?

“அண்ணா, யாருகிட்டயும் சொல்லமாட்டேன். பெஞ்சுல இருந்தது உங்களுதுங்களா?”

“ஏனுங்க சார்,” என்றார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “அந்த வறுவல் நெசமாலுமே நல்லா இருந்துச்சுங்கல்ல?”

வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். திட்டாதவர் இழக்காதவர் என்றால், பெஞ்சுச் சேனை அவருடையது. ஆனால் செல்வராஜ் திட்டின திட்டு கொஞ்சம் சந்தோஷமாக இல்லையா? தங்கமணி அக்காவோ, மேரி அக்காவுக்காக எதை வேண்டுமானாலும் சொல்லக்கூடியவர். திட்டுகிறவர்கள் எல்லோரும் இழந்தவர்களா என்ன? பரிசை விட்டுக்கொடுத்தவர்தான் அடுப்பையும் பறிக்கப் பார்த்தார் என்றால், அந்த மனிதரை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

தொண்டர்கள் நிறைந்த இடத்தில் எல்லாக் காரியமும் நடந்துவிடுகிறது. செய்தது யார் என்று மட்டும் தெரிவதில்லை. நல்ல காரியத்துக்கு அது அழகு. தப்புக் காரியத்துக்கு, ‘நான்தான்’ என்று ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் நின்றவர் ஒரே ஒருவர்தான்.

கண்காட்சிக் குறிப்பில் இந்த வருஷத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: அடுத்த ஆண்டுச் சமையல், மேரி அக்கா. இது உறுதி. சேனைக்கிழங்கு முதல் பரிசு, பழனிச்சாமி அண்ணனாக இருக்கலாம். இது சரிபார்க்கப்படவில்லை.